நாலு தடவை வாயைத் திறந்து காட்டினார் அம்மா. இப்போது யாரைப் போய்க் கேட்பது?

தோட்டத்துப்பேத்தி | ஆகஸ்ட் 4, இரவு 10.50

எல்லாருக்கும் வணக்கம். நீளமாகத்தான் வரும், மன்னிக்கவும்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். அம்மாவுக்கு 63 வயது. பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) மாறி, தொழிலாளர் வீடுகளான லயத்தை இடித்ததும் டவுன் ஓரத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்துவிட்டோம். பதினாலு வயதிலிருந்து வெற்றிலை போடுகிறார். விடிகாலை நாலரைக்கு மரத்துக்குப் போகும்போது வாயில் ஒன்றை இடது பக்கம் அதக்கிக்கொண்டால் பத்து மணி வரை பசிக்காதாம்.

போன வருஷம் ஜூனில் அதே இடது கன்னத்துக்குள்ளே, கீழ்க் கடைவாய்ப் பல்லை ஒட்டி ஒரு புண். டவுனில் உள்ள தனியார் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பல் கூராக இருந்து குத்துகிறது என்று ராவிவிட்டு, தடவுவதற்கு ஜெல் கொடுத்தார் டாக்டர். ஜூலையில் மறுபடி போனோம். ஆன்டிபயாடிக். செப்டம்பரில் வலி தாங்கவில்லை, பல் ஆடுகிறது என்று போனால் அன்றைக்கு வேறு டாக்டர் இருந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். நவம்பரில் பிடுங்கிய குழி ஆறவே இல்லை என்று போனபோது பழைய டாக்டர்தான். "டிரை சாக்கெட்" என்று கழுவி மருந்து வைத்து அனுப்பினார். நாலு தடவைக்கும் சேர்த்து 385 வெள்ளி (ரிங்கிட்).

பொங்கல் முடிந்து, பல்செட் கட்டலாம் என்று அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனோம். சின்னப் பெண் டாக்டர். உள்ளே பார்த்தார், விரலை விட்டுத் தடவினார், கழுத்தை அமுக்கிப் பார்த்தார். பல்செட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அங்கேயே போனைப் போட்டு ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் பேசிக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பயாப்சியில் புற்றுநோய். பிப்ரவரியில் ஆபரேஷன், கீழ்த்தாடையில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கால் எலும்பை வைத்துக் கட்டினார்கள். கழுத்துக் கட்டிகளையும் எடுத்தார்கள். அப்புறம் முப்பது நாள் கதிர்வீச்சு. இப்போது வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது. கஞ்சிதான்.

என் கேள்வி: அந்தக் கிளினிக்கை எங்கே, எப்படிக் கேட்பது? கிளினிக் பெயரை யாரும் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன்.

---

செம்பனைக்காட்டான் | ஆகஸ்ட் 4, இரவு 11.20

கஷ்டமாகத்தான் இருக்கிறது தங்கச்சி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நாற்பது ஐம்பது வருஷம் வெற்றிலையும் பாக்கும் போட்டுவிட்டுப் பல் டாக்டரைக் குற்றம் சொன்னால் எப்படி? பாட்டிகளிடம் எத்தனை தடவை சொல்கிறோம், கேட்கிறார்களா?

---

ஊர்சுற்றி ரவி | ஆகஸ்ட் 4, இரவு 11.34

அண்ணே, வெற்றிலை போட்டதால் நோய் வந்தது, சரி. வந்த நோயைப் பார்க்கத் தவறியது யார்? ஊர் முழுக்க வெற்றிலை போடுகிறவர்கள் இருக்கும் இடத்தில் கிளினிக் வைத்திருப்பவருக்கு வாய்ப்புண் என்றதும் முதலில் ஞாபகம் வரவேண்டியது அதுதானே.

பேத்தி, டிரிபியூனல் (தீர்ப்பாயம்) இருக்கிறது. பயனீட்டாளர் டிரிபியூனலில் ஐந்து வெள்ளி கட்டி மனு போட்டால் போதும், வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம். என் மச்சான் கார் வொர்க் ஷாப் மேல் போட்டுக் காசு வாங்கினான்.

---

குமாஸ்தா | ஆகஸ்ட் 5, காலை 7.15

ரவி, கார் வேறு, வாய் வேறு. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்திலேயே சுகாதாரச் சேவைகளை விலக்கி வைத்திருக்கிறார்கள். டாக்டர், பல் டாக்டர், ஆஸ்பத்திரி எதையும் அந்த டிரிபியூனல் தொடாது. பேத்தி அங்கே போய் ஒரு நாளை வீணாக்கவேண்டாம்.

நான் வக்கீல் இல்லை. வக்கீல் ஆபிஸில் பதினெட்டு வருஷமாகப் பைல் தூக்குகிறவன், அதைக் கணக்கில் வைத்துப் படியுங்கள். மூன்று கதவு இருக்கிறது. மூன்றும் தனித்தனி, ஒன்றில் போனால் மற்றது அடைபடாது.

மலேசியப் பல் மருத்துவ மன்றம் ஒன்று. 2018 பல் மருத்துவச் சட்டத்தின் கீழ் டாக்டரின் நடத்தையை விசாரிப்பது அவர்கள் வேலை. கண்டிக்கலாம், தொழில் செய்யாமல் நிறுத்தி வைக்கலாம், பதிவிலிருந்தே நீக்கலாம். ஆனால் உங்களுக்கு ஒரு காசு நஷ்டஈடு வாங்கித் தரமாட்டார்கள். பலர் இதைத் தெரியாமல் போய், மூன்று வருஷம் காத்திருந்து, அப்புறம் எங்கள் ஆபிஸுக்கு வந்து அழுவார்கள்.

இரண்டாவது, சுகாதார அமைச்சில் தனியார் கிளினிக்குகளைக் கண்காணிக்கும் பிரிவு. 1998 தனியார் சுகாதாரச் சட்டத்தின் கீழ் கிளினிக்குக்கு லைசென்ஸ், பதிவு எல்லாம் அவர்கள் கை. நோயாளி புகார் கொடுத்தால் அதைக் கேட்டுப் பதில் சொல்ல ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு ஏற்பாடு இருக்கவேண்டும் என்பதும் விதி. அதனால் முதல் கடிதம் கிளினிக்குக்கே போகட்டும்.

மூன்றாவது கோர்ட். அதற்கு நேரக் கணக்கு உண்டு. தனியார் என்றால் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு வருஷம், 1953 காலவரம்புச் சட்டம். அரசாங்கக் கிளினிக் மேல் என்றால் 36 மாதம்தான். இங்கே படிக்கும் மற்றவர்களும் அந்த 36-ஐ மறக்காதீர்கள், நிறையப் பேர் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

எந்தக் கதவாக இருந்தாலும் முதலில் வேண்டியது கார்டு. அம்மாவின் சிகிச்சைக் கார்டு நகல், எக்ஸ்ரே, ரசீது. அது கையில் வரும்வரை டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

---

பல்லாஸ்பத்திரி | ஆகஸ்ட் 5, பிற்பகல் 1.05

நான் பல் டாக்டர்தான், ஜொகூர் பக்கம். என்னையும் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

பேத்தி, நாலு தடவையும் எந்தெந்தத் தேதியில் போனீர்கள் என்று சரியாகச் சொல்ல முடியுமா? ரசீதில் இருக்கும்.

---

தோட்டத்துப்பேத்தி | ஆகஸ்ட் 5, இரவு 9.30

பிஸ்கெட் டின்னில் அம்மா எல்லா ரசீதையும் வைத்திருந்தார், புண்ணியம். ஜூன் 11, ஜூலை 18, செப்டம்பர் 12, நவம்பர் 5.

குமாஸ்தா அண்ணே, நன்றி. கார்டு கேட்டு இன்றைக்குப் போன் போட்டேன். கவுண்டர் பெண் "கார்டு கிளினிக் சொத்து, வெளியே தரமாட்டோம்" என்று வைத்துவிட்டாள்.

---

பல்லாஸ்பத்திரி | ஆகஸ்ட் 5, இரவு 11.48

தேதியைப் பார்த்தேன். என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான் அம்மாவின் வாயைப் பார்த்தவன் இல்லை, அதனால் இது தீர்ப்பும் இல்லை.

ஜூன் 11-ஐ நான் மன்னிப்பேன். கூரான பல் உரசிப் புண் வருவது தினமும் பார்ப்பது. ராவிவிட்டு ஜெல் கொடுப்பது சரியான முதல் வைத்தியம்தான். ஆனால் அதோடு ஒரு வாக்கியம் சேரவேண்டும்: "இரண்டு வாரம் கழித்து வந்து காட்டுங்கள்." காரணத்தை எடுத்த பிறகும் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணைச் சும்மா விடக்கூடாது. சில நாடுகளில் மூன்று வாரம் என்று வைத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் யாரும் வைக்கவில்லை. ஜூலை 18-இல் ஐந்து வாரம் தாண்டியாயிற்று. அன்றைக்கே மேல் டாக்டருக்குக் கடிதம் போயிருக்கவேண்டும்.

நவம்பர் 5 எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. டிரை சாக்கெட் என்பது பல் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் வரும் வலி. ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். செப்டம்பர் 12 முதல் நவம்பர் 5 வரை 54 நாள். 54 நாள் கழித்து டிரை சாக்கெட் கிடையாது. காரணமில்லாமல் ஆடும் பல், பிடுங்கியும் ஆறாத குழி, இரண்டும் சேர்ந்தால் புற்றுநோயை நினை என்று எங்களுக்குப் படிக்கும்போதே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

செம்பனைக்காட்டான் அண்ணனுக்கு: வெற்றிலையில் புகையிலை சேர்ந்தால்தான் ஆபத்து என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே, புகையிலை இல்லாத வெற்றிலையும் கொட்டைப்பாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடம், அதிலும் நம் பெண்களிடம் கூடுதல் என்பதும் எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் 1990களிலிருந்து அரசாங்கப் பல் குழுக்கள் தோட்டங்களுக்கே போய் வாயைச் சோதிக்கும் திட்டம் வந்தது. ஆக, வெற்றிலைக்காரர் வாய் என்றால் டாக்டர் கூடுதலாகப் பார்க்கவேண்டும்.

பார்ப்பதற்கு மிஷின் எதுவும் வேண்டாம். நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து இரு ஓரமும், நாக்குக்கு அடியிலும், கன்னத்தின் உள்பக்கமும் பார்த்து, கழுத்தைத் தடவ இரண்டு நிமிஷம். கண்ணாடியும் விரலும் போதும். சொத்தைப் பல்லையே பார்த்துப் பார்த்து எங்களுக்குக் கன்னம் கண்ணில் படாமல் போய்விடுகிறது, இதுதான் உண்மை.

கவுண்டர் பெண் சொன்னது பாதி சரி. அசல் கார்டு கிளினிக்குடையது. அதில் இருக்கும் விவரம் அம்மாவுடையது.

---

குமாஸ்தா | ஆகஸ்ட் 6, காலை 6.50

டாக்டர் கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தன்னைப் பற்றிய தரவைக் கேட்டு எழுதிக் கொடுத்தால் 21 நாளுக்குள் அவர்கள் பதில் நடவடிக்கை எடுக்கவேண்டும், சின்னக் கட்டணம் கேட்கலாம். அரசாங்கத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, தனியார் கிளினிக்குக்குப் பொருந்தும்.

போன் போடுவதை விடுங்கள். அம்மா கையெழுத்தோடு கடிதம், ஐசி (அடையாள அட்டை) நகல், பதிவுத் தபால். நீங்கள் கேட்பதாக எழுதாதீர்கள், அம்மா கேட்பதாக எழுதுங்கள். வேண்டியவை: கார்டின் எல்லாப் பக்கங்களும், செப்டம்பர் எக்ஸ்ரே, அன்றைக்கு இருந்த இன்னொரு டாக்டரின் முழுப் பெயர். அந்தப் பெயர் மன்றத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். "நஷ்டஈடு", "கோர்ட்" என்ற வார்த்தையே வேண்டாம்.

---

மணி_பாகான்செராய் | ஆகஸ்ட் 6, காலை 10.22

ஒய்.பி. (தொகுதி மக்கள் பிரதிநிதி) ஆபிஸில் போய்ச் சொன்னால் ஒரே நாளில் கார்டு வந்துவிடும். இல்லையென்றால் பேஸ்புக்கில் கிளினிக் போட்டோவைப் போடுங்கள், ஓடி வருவார்கள்.

---

இழைப் பொறுப்பாளர் | ஆகஸ்ட் 6, காலை 10.40

போட்டோ, கிளினிக் பெயர், டாக்டர் பெயர் எதுவும் இந்த இழையில் வேண்டாம். அவதூறு வழக்கு வந்தால் பேத்திதான் மாட்டுவார். ஒய்.பி. யோசனை இருக்கட்டும்.

---

அப்பாபிள்ளை | ஆகஸ்ட் 6, இரவு 8.15

என் அப்பாவுக்கு நாக்கில். கெடா பக்கம். வழக்குப் போட்டு இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டோம். ஏன் என்று சொல்கிறேன், ஆசை காட்ட எனக்கு மனசில்லை.

டாக்டர் தவறினார் என்று காட்டுவது பாதி வேலைதான். அந்தத் தாமதத்தால்தான் அப்பாவுக்கு இவ்வளவு நஷ்டம் என்று காட்டவேண்டும். முன்னாடியே கண்டுபிடித்திருந்தாலும் இதே ஆபரேஷன்தான் நடந்திருக்கும் என்று எதிர்த் தரப்பு சொன்னது. எங்களிடம் முதல் நாள் புண் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. இன்னொரு டாக்டர் நமக்காக அறிக்கை எழுதிக் கொடுக்கவேண்டும், இந்தச் சின்ன நாட்டில் எல்லாரும் எல்லாருக்கும் கிளாஸ்மேட். கடைசியில் ஒருவர் கிடைத்தார், அவர் பீஸைக் கேட்டு அப்பாவே "போதும்பா" என்றார்.

விட்டதில் வருத்தமா என்றால், சில ராத்திரி வருத்தம்தான்.

---

பல்லாஸ்பத்திரி | ஆகஸ்ட் 6, இரவு 10.02

அப்பாபிள்ளை சொன்ன அந்த அளவு விஷயம் முக்கியம். புண் இரண்டு சென்டிமீட்டருக்குள், ஆழம் அதிகமில்லாமல் இருந்தால் முதல் நிலை. தாடை எலும்புக்குள் இறங்கிவிட்டால் கணக்கே வேறு. செப்டம்பர் எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு தெரிகிறதா இல்லையா என்பது இரண்டு பக்கமும் வெட்டும். தெரிந்தால், கண்முன் இருந்ததைப் பார்க்கவில்லை. தெரியாவிட்டால், எலும்பு அப்போது நன்றாக இருந்தது, அன்றைக்கே அனுப்பியிருந்தால் தாடையில் அவ்வளவு போயிருக்காது என்று வாதாட இடம் இருக்கிறது. எக்ஸ்ரேயை விடாதீர்கள்.

---

தோட்டத்துப்பேத்தி | ஆகஸ்ட் 29, இரவு 11.15

21 நாள் வரை போகவில்லை. பதினாறாவது நாள் டாக்டரே போன் போட்டார். "வாங்கம்மா, உட்கார்ந்து பேசலாம்" என்றார். அண்ணனோடு போனேன்.

கார்டு நகலும் எக்ஸ்ரேயும் ஒரு கவரில் இருந்தன. பக்கத்தில் இன்னொரு கடிதம். 385 வெள்ளியைத் திருப்பித் தருகிறாராம், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அண்ணன் பேனாவை எடுத்துவிட்டான். கடைசி வரியில் ஆங்கிலத்தில், இதோடு எல்லாக் கோரிக்கையும் முழுமையாகத் தீர்ந்தது என்று இருந்தது. கையெழுத்துப் போடவில்லை. கவரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

கார்டை நாலு தடவை படித்தேன். அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் 11: புண் இருக்கும் இடம், பல்லை ராவியது, ஜெல். புண்ணின் அளவு இல்லை. முதல் பக்கத்தில் "பழக்கங்கள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ஒரு கோடு போட்டு விட்டிருக்கிறது. யாரும் கேட்கவில்லை. அம்மாவின் பல் கறையைப் பார்த்தாலே தெரியுமே!

ஜூலை 18: "புண் ஆறவில்லை. ஆன்டிபயாடிக். இரண்டு வாரத்தில் ரிவியூ. கேஐவி ரெஃபர்." (கேஐவி என்றால் "கீப் இன் வியூ", பார்த்துக்கொண்டு அப்புறம் முடிவு செய்வது.)

செப்டம்பர் 12: வேறு கையெழுத்து. பல் எண், எக்ஸ்ரே, பிடுங்கியது. புண் என்ற வார்த்தையே இல்லை.

நவம்பர் 5: "டிரை சாக்கெட்." அவ்வளவுதான்.

ஜூலையில் நான்தான் கூட இருந்தேன். இரண்டு வாரத்தில் வரச் சொல்லி எங்களிடம் யாரும் சொல்லவில்லை. கவுண்டரில் மாத்திரையைக் கொடுத்து, முடியும் வரை சாப்பிடுங்கள் என்றார்கள். அவ்வளவுதான்.

---

குமாஸ்தா | ஆகஸ்ட் 30, காலை 7.05

கையெழுத்துப் போடாதது நல்ல காரியம். நீங்கள் பேரம் பேசப் போகவில்லையே, எதற்கு அவசரமாகத் தீர்த்துக்கொள்ளவேண்டும்?

"கேஐவி ரெஃபர்" என்ற இரண்டு வார்த்தைதான் இந்தக் கார்டிலேயே கனமானது. அனுப்பலாமா என்று யோசித்திருக்கிறார், அனுப்பவில்லை. என் முதலாளி பார்த்தால் மஞ்சள் மார்க்கரை எடுப்பார்.

2017-இல் நம் நாட்டின் மிக உயர்ந்த கோர்ட்டான கூட்டரசு நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும், தகுதியுள்ள மற்ற மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் முறையில் நடந்தாரா, அந்த முறை நியாயமாக நிற்குமா என்று பார்ப்பார்கள். நோயாளிக்கு ஆபத்தைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொன்னாரா என்பதை நீதிமன்றமே எடைபோடும், மருத்துவர்கள் வழக்கத்தை மட்டும் வைத்து முடிக்காது. இரண்டு வாரத்தில் வா என்று சொல்லாமல் விட்டது இதில் எந்தப் பக்கம் விழும் என்பது வக்கீல் வேலை. கவரோடு ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் முதல் ஆலோசனை கேட்கலாம்.

---

பல்லாஸ்பத்திரி | ஆகஸ்ட் 30, பிற்பகல் 1.30

"கேஐவி" என்று நானும் எழுதுவேன். இன்றைக்குக் காலையில்கூட இரண்டு கார்டில் எழுதினேன். இதைப் படித்த பிறகு அந்த இரண்டு பேருக்கும் போன் போடச் சொல்லியிருக்கிறேன்.

---

செம்பனைக்காட்டான் | ஆகஸ்ட் 30, இரவு 9.10

தங்கச்சி, அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக்கூடாது. அம்மா எப்படி இருக்கிறார்? செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?

---

தோட்டத்துப்பேத்தி | ஆகஸ்ட் 30, இரவு 10.45

பரவாயில்லை அண்ணே. ஆபரேஷன் அரசாங்க ஆஸ்பத்திரி, அதனால் பெரிய செலவு இல்லை. ஈப்போவுக்குப் போய்வரும் கார் செலவும் பால்மாவும்தான். பெக்கா பி40 என்ற அரசாங்கச் சுகாதார உதவித் திட்டத்தில், புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளியும், போக்குவரத்துக்கு 500 வரைக்கும் உண்டு என்று வார்டில் ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) சொல்லித்தான் தெரியும். கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை. நம் ஆட்கள் யாராவது இதைப் படித்தால், அரசாங்க உதவிப்பணம் வாங்குகிறவராக, 40 வயதோ அதற்கு மேலோ இருந்தால், கேளுங்கள்.

அம்மாதான் தடுக்கிறார். அந்த டாக்டர் நல்ல மாதிரியாம். லயத்து ஆட்களிடம் குறைத்து வாங்குவாராம். ஒரு தடவை அப்பாவுக்குக் காசே வாங்காமல் பல் பிடுங்கினாராம். "அவர் வயித்துல அடிக்காத" என்று நோட்டில் எழுதிக் காட்டினார். பேசினால் எச்சில் வடிகிறது என்று இப்போது எல்லாம் நோட்டில்தான்.

---

அப்பாபிள்ளை | ஆகஸ்ட் 31, காலை 8.00

மன்றத்துக்குப் புகார் எழுதுவது வயிற்றில் அடிப்பது ஆகாது. அவர் எப்படி விட்டார் என்று யாராவது உட்கார்ந்து அவரைக் கேட்கவேண்டும். எங்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. அந்த இன்னொரு டாக்டரையும் சேர்த்து எழுதுங்கள்.

---

தோட்டத்துப்பேத்தி | செப்டம்பர் 14, இரவு 9.55

எழுதிவிட்டேன். மன்றத்துக்கு ஒரு கடிதம், இரண்டு டாக்டர் பெயரும் போட்டு. அமைச்சின் பிரிவுக்கு ஒன்று. கார்டு நகல், ரசீதுகள், ஈப்போ ஆஸ்பத்திரி அறிக்கை எல்லாம் இணைத்து. குமாஸ்தா அண்ணன் சொன்னபடி கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை, தேதிகள் மட்டும். வக்கீலை அடுத்த மாதம் பார்க்கிறோம், வழக்கா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை.

அனுப்புவதற்கு முன்னால் கார்டை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவருடைய வாய், அவருக்குத் தெரியவேண்டும் என்று தோன்றியது. "கேஐவின்னா என்ன" என்று எழுதினார். பார்த்துக்கொண்டு அப்புறம் அனுப்பலாம் என்று அர்த்தம்மா என்றேன். கொஞ்ச நேரம் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்புறம் "என்கிட்ட சொல்லியிருந்தா நானே பஸ் ஏறிப் போயிருப்பேனே" என்று எழுதினார். கடிதத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று. சித்தியும் வெற்றிலைக்காரிதான். செவ்வாய்க்கிழமை இழுத்துக்கொண்டு போகிறேன், அதே அரசாங்கக் கிளினிக்குக்கு.

---

ஊர்சுற்றி ரவி | செப்டம்பர் 20, மாலை 6.30

சித்திக்கு என்ன சொன்னார்கள்?

---

தோட்டத்துப்பேத்தி | செப்டம்பர் 20, இரவு 8.12

வலது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு. புற்று என்று சொல்லவில்லை, ஆனால் பெரிய டாக்டர் பார்க்கவேண்டுமாம். ஈப்போவுக்குத் தேதி வாங்கி, ஒரு தாளில் எழுதி, சித்தி கையிலேயே கொடுத்திருக்கிறார்கள். பாக்குவெட்டியை நான் எடுத்து ஒளித்துவைத்திருக்கிறேன், தேடிக்கொண்டிருக்கிறார்.